அறுபது சொல்லுக்குள்

ஒரு பலகைக்கு அறுபது சொல், அதற்கு மேல் இல்லை.
தமிழில் நாற்பதே போதும்தான்,
ஆனால் ஒவ்வொன்றும் ரயில்பெட்டி நீளம்;
'அகழ்வாராய்ச்சியாளர்களுக்கிடையே' என்று தொடங்கினால்
சுவர் முடிந்துவிடும்.
ஷு ஃபென் அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டு
எழுத்தைச் சிறிதாக்கட்டுமா என்றாள்.
வேண்டாம், சொல்லைக் குறைக்கிறேன் என்றேன்.
பத்தொன்பது ஆண்டுகளாக என் பிழைப்பு அதுதான்.

மண்ணைக் கிளறும் கலை எப்படி மாறிவந்தது
என்பதுதான் கண்காட்சி.
வாசலிலேயே வெடிமருந்து.
ஆற்று முகத்தில் நின்ற பாறையைப்
படகுக்கு வழி வேண்டுமென்று பிளந்த கதை.
அதில் யாரோ ஐம்பது வரி எழுதிவைத்திருந்தார்கள்.
மிஞ்சிய துண்டை இன்றுவரை எவரும் வாசித்ததில்லை.
மூலத்தில் 'அகற்றப்பட்டது' என்று இருந்தது.
நான் 'உடைத்தார்கள்' என்று எழுதினேன்.
திரும்பி வந்தது.
கடைசியில் 'உடைக்கப்பட்டது' என்பதில் கைகுலுக்கினோம்:
எழுவாயே இல்லாமல்
ஒரு பாறை தூளான வாக்கியம்.

அடுத்த பலகையில்தான் எனக்குத் தூக்கம் போனது.
குன்றின் மேல் நீர்த்தேக்கத்துக்குக் குழி வெட்டும்போது
தங்கம் கிடைத்ததாம்: காதணி, மோதிரம், தோள்வளை.
கிணறு வெட்டப் பூதம் கிளம்புவது போய்ப்
பொன் கிளம்பிய அதிசயம்.
வளையின் வேலைப்பாடு, அதில் விழிக்கும் முகம், கொக்கியின் வளைவு,
எல்லாவற்றுக்கும் சொல் ஒதுக்கியிருந்தார்கள்.
வெட்டியவர்களுக்கு ஒதுக்கியது ஒன்றே ஒன்று:
'தற்செயலாக.'

தற்செயலுக்கு உள்ளங்கை இருந்திருக்கும்.
காய்த்துப்போன உள்ளங்கை.
மேற்பார்வையாளரிடம் நீட்டுவதற்கு முன்
ஒரு நொடி
மூடித் திறந்திருக்கும்.

பிறகு சல்லடை, சிறு கரண்டி, பல்துலக்கும் பிரஷ்.
பொன்னைத் தேடியவர்கள் வாரி எறிந்த மண்ணையே
மறுபடி அள்ளிச் சலித்த ஆண்டுகள்:
மீன்முள்ளுக்கும் ஒரு எண், மணித்துகளுக்கும் ஒரு பை.
பழைய படத்தில் சிவப்பு பிளாஸ்டிக் தொட்டி,
அதன் ஓரத்தில் யாருடையதோ முழங்கை.
"அது நான்," என்றார் ரொஸ்னானி,
தகவல் சரிபார்க்க வந்தவர்.
"அன்று மழை. முந்நூறு ஓடு கழுவினேன்.
முகம் படத்தில் விழவில்லை, பரவாயில்லை,
தொட்டிகூட என் வீட்டுத் தொட்டிதான்."

ஓடு என்றதும் நினைவு வருகிறது.
என் தமிழைக் கணினியில் இட்டுச் சோதித்தபோது
'நீல வெள்ளை ஓட்டம், பதினான்காம் நூற்றாண்டு'
என்று திருப்பித் தந்தது.
ஷு ஃபென் கோப்பியைச் சிந்துமளவு சிரித்தாள்.
எனக்குத் தவறென்று தோன்றவில்லை.
கடல் தாண்டி ஓடிவந்து
இந்த மண்ணில் விழுந்து உடைந்ததை
வேறெப்படிச் சொல்வது?

கடைசிக் கூடத்தில் பொருளே கிடையாது.
தரைக்குள் அலை அனுப்பி எடுத்த சாம்பல்நிறப் படம்,
மகரந்தத்தைப் பெரிதாக்கிக் காட்டும் திரை,
நடுவில் கண்ணாடிக்கடியில்
ஒரு சதுர மீட்டர் மண். தோண்டாதது.
அதற்கும் அறுபது சொல் தந்தார்கள்.
நான் எழுதியது:
'இதைத் தொடவில்லை.
நம்மைவிட நல்ல கருவியோடு வருகிறவர்களுக்கு.'
மீதி இடத்தை என்ன செய்வது என்றாள்.
மண்ணை விட்டதுபோல் விட்டுவிடு என்றேன்.

அச்சுக்குப் போகும் முந்தைய இரவு
யாரையும் கேட்காமல் இரண்டாம் பலகையைத் திறந்தேன்.
ஒரு சொல்லை எடுத்தேன், இரண்டு சொல் வைத்தேன்:
'கூலிக்குத் தோண்டியவர்கள்.'
பொன் கிடைத்தது என்பது
கண்டெடுத்தார்கள் ஆனது.

திறந்து நான்கு மாதமாகிறது.
பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள்,
வளைமுன் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள்.
இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.
மற்ற மூன்று மொழிகளிலும்
அது இன்னும் தற்செயல்தான்.